வீடு மாத்துறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல வாக்கிங் போக முடியுமான்னு பார்க்குறது எப்படி

வீடு பார்க்கப் போனா நம்ம கேக்குறது என்ன? தண்ணி வருமா, கார் நிறுத்த இடம் இருக்கா, ஸ்கூல் பஸ் வாசலுக்கு வருமா, இதெல்லாம் கேப்போம். காலைல எங்க நடக்குறதுன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல, நானும் கேட்டதில்ல. சென்னைல ஒன்பது வருஷம் இருந்தேன், அப்புறம் பெங்களூர்ல நாலு வருஷம், இப்ப கோயம்புத்தூர் வந்து மூணாவது வருஷம் ஓடுது. இதுல எந்த ஊர்ல நான் நல்லா நடந்திருப்பேன்னு கேட்டா எல்லாரும் பெங்களூர்னுதான் சொல்லுவாங்க, குளு குளு கிளைமேட், கப்பன் பார்க், லால்பாக்னு. நடந்தது அப்படியே உல்டா.

சென்னைல லஸ் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடி போர்ஷன்ல இருந்தோம். நாகேஸ்வரராவ் பார்க் அஞ்சு நிமிஷ நடை. வேர்த்து ஊத்தும், ஆனாலும் வாரத்துல ஆறு நாள் போயிருவேன். பெங்களூர் போனப்ப ஆஃபீஸ் பக்கமா இருக்கட்டும்னு அவுட்டர் ரிங் ரோட்டை ஒட்டி ஒரு அபார்ட்மென்ட் எடுத்தோம். கேட்டைத் தாண்டினா பிளாட்பாரம் கிடையாது, இருக்குற நாலடிலயும் டூ வீலர் ஏறி வருது. கப்பன் பார்க் போகணும்னா கேப் புக் பண்ணி ஒரு மணி நேரம். முதல் மாசம் ரெண்டு ஞாயிறு போனேன், அப்புறம் போகல. நாலு வருஷத்துல ஏழு கிலோ ஏறி, சுகர் பார்டர்ல வந்து நின்னுச்சு. ஊர் நல்ல ஊர்தான், நான் வீடு எடுத்த இடம்தான் தப்பு.

அதனால முதல் விஷயம், ஊருக்கு ஊர் மார்க் போடுறதை விடுங்க, உங்க வீட்டு வாசல்ல இருந்து பத்து நிமிஷ நடைல என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க. மேப்ல பச்சை கலர்ல பெருசா தெரியுற பார்க் எல்லாம் கணக்குல வராது, நடந்தே போற தூரத்துல இருந்தாதான் வரும். வண்டி எடுத்துப் போய் நடக்குற ஆளுங்க மழை பெஞ்சா விட்ருவாங்க, வண்டி பஞ்சர் ஆனா விட்ருவாங்க, அப்புறம் சும்மாவே விட்ருவாங்க. மேப்ல வீட்டுல இருந்து பார்க் வரைக்கும் நடக்குற வழி போட்டுப் பார்த்து, நடுவுல எத்தனை மெயின் ரோடு கிராஸ் பண்ணணும்னு எண்ணுங்க. ஒண்ணுன்னா ஓகே. ரெண்டுன்னா யோசிக்கணும். மூணுன்னா அந்த பார்க் உங்களுக்கு இல்ல.

அடுத்தது, நீங்க நிஜமா நடக்கப் போற நேரத்துக்கே போய்ப் பார்க்கணும். புரோக்கர் பதினொரு மணிக்குக் கூட்டிட்டுப் போவாரு, அப்ப எந்தத் தெருவும் நல்லாதான் தெரியும். காலைல அஞ்சே முக்காலுக்கு அதே தெருல நின்னு பாருங்க, தெரு லைட் எரியுதா, நாய் எத்தனை, குப்பை எரிக்கிறாங்களா, யாராச்சும் நடக்குறாங்களா. முக்கியமா பொம்பளைங்க தனியா நடக்குறாங்களான்னு பாருங்க, இதைவிட நல்ல டெஸ்ட் எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல. அறுபது வயசு அம்மா ஒருத்தங்க ஸ்வெட்டர் போட்டு மஃப்ளர் சுத்தி தனியா வேகமா நடந்து போறாங்கன்னா அந்தத் தெரு பாஸ். ஆம்பளைங்க மட்டும்தான் நடக்குறாங்க, லேடீஸ் எல்லாம் கும்பலா மட்டும் வர்றாங்கன்னா ஏதோ காரணம் இருக்கு, டீக்கடைல விசாரிங்க.

கோயம்புத்தூர்ல வீடு பார்க்க வந்தப்ப இப்படித்தான் ஒரு தெருல காலைல தனியா நின்னுட்டு இருந்தேன். வாசல் தெளிச்சுட்டு இருந்த ஒரு அம்மா கைல வாளியோட என்னையே பார்த்துட்டு, "ஏங்கண்ணு, புதுசா வந்திருக்கியா"ன்னாங்க. வீடு பார்க்க வந்தேங்க, காலைல நடக்க வழி எப்படின்னு பார்த்துட்டு இருக்கேன்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க. அப்புறம் வாளியைக் கீழ வெச்சுட்டு, "இந்தப் பக்கமாவே போ சாமி, அந்த முக்குல கறிக்கடை இருக்குது, நாலு நாய் படுத்துக்கெடக்கும், விடிஞ்சப்புறம் ஒண்ணும் பண்ணாது, இருட்டுல வண்டிய தொரத்தும்"னாங்க. எந்த ஆப்லயும் கிடைக்காத தகவல் அது. அந்தத் தெருலதான் இப்ப இருக்கோம்.

நாய் விஷயம்னு வந்ததால அதையும் சொல்லிடுறேன். கறிக்கடை, குப்பைத் தொட்டி, கல்யாண மண்டபம், இந்த மூணும் இருக்குற முக்குல நாய் இருக்கும், உங்க ரூட் அதைத் தொடாம இருந்தா நிம்மதி. தொரத்துனா ஓடாதீங்க, நின்னுருங்க, நேரா கண்ணைப் பார்க்காம மெதுவா பின்வாங்குங்க. கடிச்சாலோ நகம் கீறினாலோ ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் நல்லா கழுவிட்டு அன்னிக்கே போய் ஊசி போட்டுக்கணும், மஞ்சள் மொளகாப்பொடி வெக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரில இந்த ஊசி இலவசம்தான்.

இப்ப கிளைமேட்டுக்கு வருவோம். எல்லாரும் டெம்பரேச்சர் பார்த்துட்டு ஏமாறுவாங்க. நடக்குறவங்க, ஓடுறவங்க பார்க்க வேண்டியது டியூ பாயிண்ட், தமிழ்ல பனிநிலைன்னு சொல்றது, காத்துல எவ்ளோ ஈரம் இருக்குன்னு காட்டுற டிகிரி கணக்கு, நிறைய வெதர் ஆப்ல கீழ எங்கயாச்சும் இருக்கும். வேர்வை வர்றது முக்கியமில்ல, அது காயணும், காய்ஞ்சாதான் உடம்பு குளிரும், காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சு கிடந்தா எங்க காயுறது. டியூ பாயிண்ட் 20க்குக் கீழ இருந்தா சுகமா நடக்கலாம், 24 தாண்டுச்சுன்னா ஓடுறவங்க வேகத்தைக் குறைச்சே ஆகணும். சென்னைல மே, ஜூன்ல இது 25 பக்கம்தான் நிக்கும், அதனாலதான் காலைல அஞ்சரைக்குப் போனாலும் டீஷர்ட் பிழியுற மாதிரி ஆகுது. பெங்களூர் 900 மீட்டர் உசரத்துல இருக்கு, அங்க பெரும்பாலும் 20ஐ ஒட்டியோ கீழயோதான். கோயம்புத்தூர் 400 மீட்டர் உசரம், ரெண்டுக்கும் நடுவுல. மார்ச், ஏப்ரல் இங்கயும் சுடும், ஆனா ஜூன் வந்துட்டா பாலக்காட்டு கணவாய் வழியா காத்து அடிக்க ஆரம்பிச்சுரும், சாயங்காலம் நடக்க அவ்ளோ நல்லா இருக்கும், என்ன, எதிர்காத்துல சைக்கிள் மிதிக்கிறவங்க பாவம்.

இன்னொண்ணு சூரியன் எத்தனை மணிக்கு வர்றாருங்கிறது. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா ஆஃபீஸ் போறவங்களுக்கு இதுதான் முடிவு பண்ணும். சென்னைல மே மாசம் 5.40க்கெல்லாம் விடிஞ்சுரும், ஜனவரில 6.30 ஆகும். டெல்லில ஜனவரி மாசம் ஏழேகால் வாக்குலதான் சூரியன் வரும். சிங்கப்பூர்ல வருஷம் பூரா ஏழு மணி வாக்குலதான் சூரியன், அதனால அங்க வேலைக்குப் போறவங்க ஆறு மணிக்கு லைட் வெளிச்சத்துல ஓடுவாங்க இல்லன்னா ராத்திரி ஓடுவாங்க. ரோடு அவ்ளோ நல்லா வெளிச்சமா இருக்குறதால நடக்குது, நம்ம ஊர்ல அதே ஆறு மணி இருட்டுல போனா மூடி போடாத டிரெயினேஜ்ல கால் போயிரும். எனக்குப் போயிருக்கு. சென்னைல ஒரு தெருல சிலாப் ஆடுறது தெரியாம மிதிச்சு கணுக்கால் பிசகி ஆறு வாரம் வீட்டுலயே உக்கார்ந்தேன். அதுல இருந்து புது ரூட்னா முதல் தடவை பகல்லதான் நடப்பேன், எந்த சிலாப் ஆடுதுன்னு மனப்பாடம் ஆன பிறகுதான் இருட்டுல.

காத்து பத்தி. சமீர்னு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட ஆப் இருக்கு, அதுல ஊர் ஊரா ஏக்யூஐ, அதாவது காத்து எவ்ளோ மாசுபட்டிருக்குன்னு சொல்ற நம்பர் வரும். 100 வரைக்கும் ஓகே, 200 தாண்டுச்சுன்னா வெளில ஓடாதீங்க, 300க்கு மேலன்னா ஜன்னலைச் சாத்திட்டு வீட்டுக்குள்ளயே ஏதாச்சும் பண்ணுங்க. டெல்லில நவம்பர்ல 300, 400னு வர்றது சர்வ சாதாரணம், லோதி கார்டன் மாதிரி அருமையான தோட்டம் இருந்தும் வருஷத்துல ரெண்டு மூணு மாசம் ஓடுறவங்களுக்கு அது வேஸ்ட். நம்ம பக்கம் கடல்காத்து, மலைக்காத்து புண்ணியத்துல அவ்ளோ மோசம் இல்ல, ஆனா ஊருக்கு ஒரே நம்பர் கிடையாது, எண்ணூர், மணலி பக்கம் வர்ற நம்பரும் பெசன்ட் நகர் நம்பரும் ஒண்ணா இருக்காது. அதனால ஊர் பேருக்கு வர்ற ஆவரேஜை விட்டுட்டு பக்கத்து ஸ்டேஷன் எதுன்னு தேடிப் பாருங்க. பனிக்காலத்துல விடியக்காலைல காத்து கீழயே தேங்கி நிக்கும், வெயில் ஏறுனாதான் கலையும், அந்த மாசத்துல எட்டு மணிக்கு மேல நடக்குறது நுரையீரலுக்கு நல்லது. போகி அன்னிக்கு சென்னைல இருந்தீங்கன்னா காலைல வெளிய போகவே போகாதீங்க, டயர் புகையும் பனியும் சேர்ந்து எதிர்ல வர்ற ஆள் தெரியாது.

சரி, ஊர் ஊரா வரேன்.

சென்னைல மெரினா பேரு பெரிய பேரு. லைட் ஹவுஸ்ல இருந்து உழைப்பாளர் சிலை வரைக்கும் சுமார் ரெண்டரை கிலோமீட்டர், அகலமான நடைபாதை, காலைல ஆறு மணிக்குக் கடல் பக்கம் சூரியன் மேல வர்றதைப் பார்த்துட்டு நடக்குறது ஒரு அனுபவம்தான், ஆனா ஒரு மரம் கிடையாது, ஏழு மணிக்கு மேல அங்க நிக்க முடியாது. நேர் கோடு வேற, அதனால பாதில கால் வலிச்சாலும் வந்த தூரம் திரும்ப நடந்தே ஆகணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏரியா பார்க்தான் பெஸ்ட், நாகேஸ்வரராவ் பார்க், அண்ணா நகர் டவர் பார்க் மாதிரி. நாகேஸ்வரராவ் பார்க்ல காலைல ஆறரைக்குப் போனீங்கன்னா ஒரு மூலைல யோகா, ஒரு மூலைல ஷட்டில், பெஞ்சுல அரசியல், நடுவுல வேட்டியை மடிச்சுக் கட்டி கேன்வாஸ் ஷூ போட்டு மாமாக்கள் எல்லாரும் ஒரே திசைல சுத்திட்டு இருப்பாங்க, நீங்க எதிர்த் திசைல போனா ஒரு மாதிரி பார்ப்பாங்க. ஓபன் ஜிம் மெஷின்ல ஒருத்தர் உக்கார்ந்து பேப்பர் படிச்சுட்டு இருப்பார், அவரை எழுப்புறது உங்க சாமர்த்தியம். சென்னைக்கு ரெண்டு சிக்கல். ஒண்ணு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, தேங்குன தண்ணில கால் வெக்கவே கூடாது, கீழ பள்ளம் இருக்கா மேன்ஹோல் இருக்கான்னு தெரியாது, அந்த மாசத்துக்கு அபார்ட்மென்ட் மாடிப்படியே கதி. ரெண்டாவது, நான் இருந்தப்ப பல பார்க்குல மத்தியானம் கேட்டைப் பூட்டிடுவாங்க, ஷிப்ட் வேலை பார்க்குறவங்க கேட்ல மாட்டியிருக்குற டைமிங் போர்டை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

பெங்களூரைத் திட்டுறேன்னு நினைக்காதீங்க, சரியான இடத்துல வீடு கிடைச்சா அதை அடிச்சுக்க ஊரே இல்ல. கப்பன் பார்க் 300 ஏக்கர், ஞாயித்துக்கிழமை உள்ள வண்டி விட மாட்டாங்க. லால்பாக் 240 ஏக்கர், ஹைதர் அலி 1760ல ஆரம்பிச்ச தோட்டம், நடுவுல இருக்குற பாறை 300 கோடி வருஷம் பழசு, அது மேல ஏறி இறங்குனாலே அன்னிக்குக் கணக்கு முடிஞ்சது. ஜெயநகர், பசவனகுடி, மல்லேஸ்வரம் மாதிரி பழைய ஏரியாக்கள்ல தெருவுக்கு நிழல் இருக்கும், நடைபாதையும் ஏதோ இருக்கும். வாடகை கூட, ஆஃபீஸ் தூரம், அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறோம். தினமும் ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல போனா நடக்குற நேரம்தான் முதல்ல போகும். என்னைக் கேட்டா மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல பழைய ஏரியால சின்ன வீடு எடுங்க, ஸ்டேஷனுக்கு நடக்குறதே பாதி எக்சர்சைஸ் ஆயிரும். ஏப்ரல், மே சாயங்காலம் இடி மழை வரும், மரக்கிளை விழும், அப்ப மட்டும் காலை நேரத்துக்கு மாத்திக்கோங்க.

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் ஒரு சுத்து அதுவும் சுமார் ரெண்டரை கிலோமீட்டர், மெரினா அளவேதான், ஆனா வட்டம், மேல மரம். இந்த ரெண்டே வித்தியாசத்துல எட்டு மணிக்கும் அங்க ஆள் நடக்குது. கால் வலிச்சா எங்க வேணா வெளிய வந்து டீ குடிக்கலாம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைலயும் நடைபாதை போட்டுட்டாங்க, சாயங்காலம் கூட்டம் அதிகம், நடக்குறதை விட செல்ஃபி எடுக்குறவங்க ஜாஸ்தி. காலைல போனா பறவை பார்க்கலாம். மலை ஏறணும்னா மருதமலைப் படி இருக்கு, முட்டி சரியா இருக்குறவங்க வாரத்துக்கு ஒரு தடவை. குறைன்னா ரேஸ் கோர்ஸ் ஒரு இடத்துலதான் இருக்கு, சரவணம்பட்டி பக்கம் வீடு எடுத்துட்டு கோயம்புத்தூர் நடக்குறதுக்கு நல்ல ஊர்னு சொல்லிட்டு இருந்தா என் பெங்களூர் கதைதான்.

மதுரைல தெப்பக்குளம். 1645ல திருமலை நாயக்கர் வெட்டுனது, சுத்தி வந்தா ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, தண்ணி நிறைஞ்சு இருக்குற மாசத்துல அந்தக் காத்தே தனி. வெயில்தான் பிரச்சினை, ஏப்ரல்ல ஏழு மணிக்கே முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துரணும். மத்த ஊர்க்காரங்க கோவிச்சுக்காதீங்க, நான் இருந்து பார்க்காத ஊரைப் பத்தி அளக்க விரும்பல. ஆனா ஒரு வழி சொல்றேன், 2023 நவம்பர்ல நடப்போம் நலம் பெறுவோம்னு தமிழ்நாட்டுல 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிச்சாங்க, உங்க மாவட்டத்துல அது எந்த ரோடுன்னு தேடிட்டு அங்க இருந்து வீடு பார்க்க ஆரம்பிக்கலாம்.

சாப்பாட்டைச் சொல்லாம விட்டா பாதிதான் சொன்ன மாதிரி. நடந்து முடிச்சு வீட்டுக்கு வர்ற வழில என்ன கடை இருக்குன்னு பாருங்க, சீரியஸா சொல்றேன். பார்க் வாசல்ல அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு ஜூஸ், ராகிக் கூழ் வண்டி நின்னா ஒரு கதை, நெய் மணக்க பொங்கல் வடை போடுற கடை இருந்தா வேற கதை. அரை மணி நேர நடைல எரிச்சது ரெண்டு வடைல போயிரும். (அந்த ஜூஸ்ல சர்க்கரை போடாதீங்கன்னு முதல்லயே சொல்லணும், இல்லன்னா தாராளமா போடுவாங்க.) காய்கறிக்கு உழவர் சந்தை பக்கத்துல இருந்தா யோகம். 1999ல மதுரை அண்ணா நகர்லதான் முதல் உழவர் சந்தை திறந்தாங்க, இங்க கோவைல ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர்ல இருக்கு. காலைல பையோட நடந்து போய் கீரை வாங்கிட்டு நடந்தே வந்தா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. திரும்ப வரும்போது ரெண்டு கைலயும் சமமா வெயிட் பிரிச்சுத் தூக்குங்க, இல்லன்னா தோள்பட்டை பிடிச்சுக்கும்.

எவ்ளோ நடக்கணும்னு கேட்டா, உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாள் அரை மணி நேரம். வேகம் சரியான்னு பார்க்க வாட்ச் எல்லாம் வேண்டாம், நடந்துட்டே பேச முடியணும், பாட முடியக்கூடாது. அவ்ளோதான். அப்ப உங்களுக்குத் தேவை பதினஞ்சு நிமிஷம் போய் பதினஞ்சு நிமிஷம் வர ஒரு நல்ல ரோடு. 300 ஏக்கர் தோட்டம் இருந்தா சந்தோஷம், இல்லன்னாலும் குடி முழுகிடாது.

இதை எல்லாம் செக் பண்ண ஒரு வீக்கெண்ட் போதும். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி சனிக்கிழமை ராத்திரி அந்த ஏரியால ஒரு லாட்ஜ்லயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ தங்குங்க, ஆனா டெஸ்ட் நடையை திங்கக்கிழமை காலைலயும் ஒரு தடவை பண்ணணும், ஏன்னா ஞாயித்துக்கிழமை எல்லா ரோடும் காலியா அழகா இருந்து உங்களை ஏமாத்திரும். ஷூ போட்டுக்கிட்டு, வீட்டு வாசல்ல நின்னு, அங்க இருந்து நடக்க ஆரம்பிங்க. ஓனர் பார்த்து ஏதாச்சும் கேட்டா கேக்கட்டும். என் ஓனர் கேட்டாரு, விஷயத்தைச் சொன்னேன், இப்ப அவரும் தினமும் கூட வர்றாரு, வாடகை ஏத்துற பேச்சையும் நடக்கும்போதுதான் எடுக்குறாரு.